டிரேயில் வைப்பதா, கையில் கொடுப்பதா

குளத்தூர் ராஜையா அரசு பஸ்ஸில் இருபத்தேழு வருஷம் கண்டக்டராக இருந்தவர். பாறசாலையிலிருந்து காட்டாக்கடைக்கும், சில வருஷங்கள் மலையேறி அம்பூரிக்கும் அவர் போகாத நாள் குறைவு. ஐம்பத்தாறு வயதில் மாலையும் கைக்கடிகாரமும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது, அவர் மனைவி செல்லபாய்க்கு ஒரு வாரம் சந்தோஷமாக இருந்தது. எட்டாம் நாள் அவள் வாயைத் திறந்தாள்.

"இஞ்ச கேட்டியளா, பகல் பத்து மணிக்கு ஒரு ஆம்பள அடுக்களையில நிண்ணு கிழங்கு வெட்டுகதுக்குக் குத்தம் சொல்லி நான் கண்டதில்ல. எங்கயாவது போய்ட்டு வாருங்க."

அப்படிப் போன இடம்தான் பாறசாலையில் சஜனின் டைல்ஸ் கடை. குளியலறைக்கு வழுக்காத டைல் பார்க்கப் போயிருந்தார். அந்தக் கடையின் மாடியில் சஜனின் மனைவி ஷிஜி 'நீலமேகம் ஏவியேஷன் அகாடமி' என்று விமானப் பணிப்பெண் பயிற்சி வகுப்பு ஒன்று நடத்திவந்தாள். கல்யாணத்துக்கு முன் ஏழு வருஷம் வளைகுடா விமானங்களில் பணிப்பெண்ணாக இருந்தவள் அவள். அன்று அவள் கோபமாகப் படியிறங்கி வந்து புருஷனிடம் முறையிட்டுக்கொண்டிருந்தாள். ஒரு பிள்ளை பயணியாக உட்கார, இன்னொரு பிள்ளை பணிப்பெண்ணாக நடிக்க வேண்டும். ஆனால் ரெண்டும் முகத்தைப் பார்த்ததும் சிரித்துவிடுகின்றன. சிரிக்காத பயணி ஒருத்தர் வேண்டும்.

சொல்லிக்கொண்டே ராஜையாவைப் பார்த்தாள். இருபத்தேழு வருஷமாகச் சில்லறைக்காகச் சண்டை போட்டு இறுகிப்போன முகம் அது.

"மாமா, ஒரு அரை மணிக்கூர் மேல வந்து பயணியாட்டு இருப்பியளா?"

"டிக்கெட் எடுக்கணுமா?" என்று கேட்டார் ராஜையா. கேட்கும்போதும் அவர் சிரிக்கவில்லை.

மாடியில் ஒரு அறையை விமானமாக்கியிருந்தார்கள். உடைப்புக்குப் போன டூரிஸ்ட் பஸ்ஸின் சீட்டுகள் பதினாறு, நடுவில் வழிவிட்டுப் போட்டிருந்தன. சுவரில் தெர்மகோலில் முட்டை வடிவ ஜன்னல்கள். ஜன்னலுக்குள் நீலப் பெயிண்டும் பஞ்சு மேகங்களும். தள்ளுவண்டி பக்கத்து வெல்டிங் கடையில் செய்தது. இன்ஜின் சத்தம் மட்டும் இலவசம்: கீழே சஜனின் ஆள் டைல் அறுக்கும்போது விமானம் பறக்கும், மின்சாரம் போனால் இறங்கிவிடும்.

ராஜையா அங்கே நடிகராகிவிட்டார். பஸ்ஸில் பார்த்த ஒவ்வொரு ஆளையும் அவர் அந்தச் சீட்டில் உட்கார வைத்தார். ஒரு நாள் ஜன்னலோரத்துக்காக அழுபவர். ஒரு நாள் பன்னிரண்டு வயதுப் பையனுக்கு அஞ்சு வயசுதான் என்று சத்தியம் செய்பவர். இன்னொரு நாள் நெய்யாற்றின்கரையில் இறங்க வேண்டும், விமானத்தை நிறுத்துங்கள் என்று எழுந்து நிற்பவர். பிள்ளைகள் அவரிடம் பயந்தார்கள். ராஜையா மாமாவைச் சமாளித்தவள் எந்த ஆகாயத்திலும் பிழைத்துக்கொள்வாள் என்று ஷிஜி சொன்னாள்.

டீ ஊற்றிக் கொடுக்கிற சாயா பாடம் வந்த நாளில்தான் அவருக்கு நடிப்பு மறந்துபோனது.

அதற்குக் காரணம் உண்டு. கண்டக்டராக இருந்த காலம் முழுக்க அவருக்குச் சாயா குடிக்கக் கிடைத்தது நாலு நிமிஷம். பஸ் ஸ்டாண்டில் நின்றபடியே, ஒரு கையில் டிக்கெட் மெஷினும் மறு கையில் கிளாஸுமாக, நாக்கு பொள்ளப் பொள்ளத் தொண்டையில் ஊற்றிக்கொண்டு விசில் அடிக்க ஓட வேண்டும். பால் எவ்வளவு, சீனி எவ்வளவு என்று யாரும் கேட்டதில்லை. அன்று லிஜி என்ற பிள்ளை, பொழியூர்க்காரி, மெல்லக் குனிந்து, "சாருக்குச் சாயாவா, காப்பியா?" என்று கேட்டாள். எரிச்சல் பிடித்த வியாபாரியாக நடிக்க வேண்டிய ராஜையா, "எது உண்டோ அது போதும் மக்கா" என்று சொல்லிவிட்டார்.

ஷிஜி கற்பித்த முறை இது. சூடான எதையும் பயணியின் மடிக்கு மேலே வைத்து ஊற்றக் கூடாது. பணிப்பெண் ஒரு சின்ன டிரேயை நீட்டுவாள். பயணி தன் கப்பை எடுத்து அதில் வைக்க வேண்டும். அவள் டிரேயை நடைபாதைப் பக்கம் இழுத்து, முக்கால் கப் ஊற்றி, திரும்ப நீட்டுவாள். பயணியே எடுத்துக்கொள்ள வேண்டும்.

ராஜையாவுக்கு இது பிடித்துப்போனது. கப்பை வைப்பதில் ஒரு அழகு, காத்திருப்பதில் ஒரு கம்பீரம், எடுப்பதில் ஒரு அடக்கம். மூன்று நாள் சாயா பாடத்துக்கு யாரும் கூப்பிடாமலே அவர் வந்தார். துவைத்துத் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு வந்தார்.

நாலாம் நாள் வந்து சேர்ந்தார் பரமசிவன். டைல்ஸ் கடைக்கு எதிரே சாயாக்கடை வைத்திருப்பவர். அகாடமிக்கு தினமும் பிளாஸ்கில் சாயா போவது அவர் கடையிலிருந்துதான். "எனக்க சாயாவை மேல கொண்டுபோய் என்ன செய்யுதீங்கன்னு பாக்கணும்" என்று சொல்லி ஏறி வந்து, ராஜையாவுக்கு முன்சீட்டில் உட்கார்ந்தார்.

லிஜி டிரேயை நீட்டினாள். பரமசிவன் டிரேயைப் பார்த்தார், லிஜியைப் பார்த்தார்.

"உங்க கப்பை இதில வையுங்க சார்."

"எதுக்கு?"

"சாயா ஊத்தித் தர."

"பிள்ளே, எனக்க கடைக்கு வாறவன்கிட்ட, நீ கிளாஸை எடுத்துட்டு வா, நான் ஊத்தித் தாறேன்னு சொன்னா அவன் ரெண்டாமது வருவானா?"

பின்சீட்டிலிருந்து ராஜையா எட்டிப் பார்த்தார். "அது கடை. இது பிளேனாக்கும்."

"பிளேனுன்னா மரியாதை கிடையாதா?"

"இதுதான் ஓய் மரியாதை. பிளேன் ஆடும். உமக்க மடியில கொட்டுனா பொள்ளிப்போவும்."

"எனக்க கடைக்கு முன்னால லாரி போவும்போ கட்டடமே ஆடும். முப்பது வருஷத்தில ஒரு துளி நான் சிந்துனது உண்டா? ஊத்தத் தெரிஞ்சவனுக்கு டிரே எதுக்கு? கையில எடுத்து, ஊத்தி, வாறவனுக்குக் கையில குடுக்கணும். அதாக்கும் சாயா. அதென்ன முக்கால் கப்பு? முக்கால் கப்பு குடுத்தா முக்கால் மரியாதைதான்."

"நிறைய ஊத்துனா சிந்தும்."

"அப்ப சாயாவே குடுக்கப்படாது. சோறு குடுக்கணும். சோறு சிந்தாது."

பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஷிஜி கையைத் தட்டி வகுப்பை முடித்தாள். ஆனால் விஷயம் முடியவில்லை. அன்று மாலையே அது எதிர்ப்பக்கம் சாயாக்கடைக்குப் போயிற்று, மறுநாள் பஸ் ஸ்டாண்டுக்குப் போயிற்று. ஒரு வாரத்தில் அந்தத் தெருச் சந்திப்பில் டிரே கட்சி என்றும் கை கட்சி என்றும் ரெண்டு கட்சி உண்டாகிவிட்டது. விமானமே ஏறாதவர்கள்தான் அதிகம் பேசினார்கள். ஏறியவர்கள், தூங்கிவிட்டோம், கவனிக்கவில்லை என்றார்கள்.

ராஜையா சும்மா இருக்கவில்லை. குளத்தூரில் சபை ஹாலில் ஒரு கல்யாண டீ பார்ட்டி. பரமசிவனும் வந்திருந்தார். பரிமாறுகிற பையன் டிரேயோடு வந்தபோது, ஊர் பார்க்கும்படி இதைச் செய்து காட்டிவிட வேண்டும் என்று ராஜையாவுக்குத் தோன்றியது. முதல் சாயாவைக் குடித்து முடித்துவிட்டு, ரெண்டாவது முறை அவன் வந்ததும் முதுகை நிமிர்த்தி, காலிக் கப்பை அழகாக டிரேயில் வைத்துவிட்டுக் காத்திருந்தார். பையன், பெரியவர் குடித்து முடித்துவிட்டார் என்று கப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டான். ராஜையா அரை மணி நேரம் கையை நீட்டினபடி இருந்தார். எதிர் வரிசையில் பரமசிவன் ஒரு கேக்குத் துண்டை மென்றுகொண்டே பார்த்துக்கொண்டிருந்தார். அதுதான் ராஜையாவுக்குத் தாங்கவில்லை.

வீட்டுக்கு வந்து செல்லபாயிடம் சொன்னார்: "நாளை முதல் நீ எனக்கு டிரேயில சாயா தரணும். பழகிப் பழகித்தான் வரும்."

மறுநாள் காலை அவள் அரிசி புடைக்கிற சுளவில் ஒரு கிளாஸை வைத்து நீட்டினாள். கிளாஸைச் சுற்றி உமி.

"முக்கால்தான் ஊத்தியிருக்கு. எடுத்துக்கிடுங்க சார்."

அவர் எடுத்துக்கொண்டார். வேறென்ன செய்ய?

இப்படி இருக்கும்போது, கொச்சியிலிருந்து விமானக் கம்பெனிக்காரர்கள் வேலைக்கு ஆள் எடுக்க அகாடமிக்கு வருகிறார்கள் என்று செய்தி வந்தது. வருகிறவர் ஜிஜா என்ற அதிகாரி. பதினாலு பிள்ளைகளின் சேவையையும் நேரில் பார்த்து நாலு பேரை எடுப்பார். ஷிஜி ரெண்டு நாள் சாப்பிடவில்லை. பயணிகளை அவளே தேர்ந்தெடுத்தாள். ராஜையா வேண்டும், அவர் இல்லாமல் பிள்ளைகளுக்குக் கை ஓடாது. பரமசிவனும் வேண்டும், சாயா அவருடையது. ஜிஜா வரும் நாள் காலையில் ரெண்டு பேரையும் தனித்தனியாக நிறுத்தி வைத்துச் சொன்னாள்.

"மாமா, காலு பிடிக்கேன். இண்ணு ஒரு நாள் சண்டை வேண்டாம்."

"சண்டையா? நான் எதுக்குச் சண்டை போடுகேன்?" என்றார்கள் ரெண்டு பேரும், தனித்தனியாக.

ராஜையாவை முன்னாலும் பரமசிவனைக் கடைசியிலும் உட்கார வைத்தாள். ஆனால் பரமசிவன் உட்கார்ந்ததும் அந்தச் சீட்டின் கால் மடங்கிவிட்டது. வேறு காலிச் சீட்டு ராஜையாவுக்குப் பக்கத்தில் ஒன்றுதான். ஜிஜா மேடம் ஏற்கெனவே குறிப்புப் புத்தகத்தோடு பின்னால் உட்கார்ந்துவிட்டார். ஷிஜி கண்ணை மூடிக்கொண்டாள்.

கீழே டைல் அறுக்கத் தொடங்கியது. விமானம் பறந்தது. முந்தின ஏழு பேர் பின்வரிசைகளில் பரிமாறி முடிக்க, எட்டாவதாக லிஜி முன்வரிசைக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கொண்டை, சிவப்பு ஸ்கார்ப், சிரிப்பு எல்லாம் சரியாக இருந்தது. ராஜையா கப்பை எடுத்து டிரேயில் வைத்தார். அவ்வளவு நேர்த்தியாக அவர் அதுவரைக்கும் வைத்ததில்லை. லிஜி முக்கால் ஊற்றினாள், நீட்டினாள், அவர் எடுத்தார். பிறகு டிரே பரமசிவன் பக்கம் போனது.

பரமசிவன் ஷிஜிக்குக் கொடுத்த வாக்கை நினைத்தார். கப்பைப் பார்த்தார். கை எழவில்லை.

"மக்கா, நீயே எடுத்து ஊத்தித் தா. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"சார், தயவு செய்து கப்பை டிரேயில வையுங்க."

"வையும் ஓய்" என்று ராஜையா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். "பிள்ளைக்க ஜோலியாக்கும்."

"நான் வைக்க மாட்டேன்னு சொன்னேனா? எனக்குக் கை வரல்ல."

"உமக்குக் கை வரலன்னா நான் வைக்கேன்." ராஜையா பரமசிவனின் கப்பை எடுத்து டிரேயில் வைத்தார்.

"எனக்க கப்பை நீரு எதுக்கு எடுக்கிறீரு?" பரமசிவன் திரும்ப எடுத்தார்.

ராஜையா பிடித்தார். பரமசிவன் விடவில்லை. கப் ரெண்டு பேர் நடுவில் அங்குமிங்கும் போனது. பின்சீட்டுகளிலிருந்து, "டிரேயில வை!", "கையில குடு!" என்று குரல்கள் எழுந்தன. பயணிகளாக வந்த டைல்ஸ் கடை வேலைக்காரர்கள் சரிபாதியாகப் பிரிந்துவிட்டார்கள். வழி நடுவே லிஜி, கையில் கொதிக்கிற பிளாஸ்க்.

அந்த நேரத்தில் கீழே ஒரு லாரி பின்பக்கமாக வந்து கடை மேடையில் இடித்தது. கிரானைட் பலகைகள் மொத்தமாக இறங்கின. தரை அதிர்ந்தது. தெர்மகோல் ஜன்னல் ஒன்று மேகத்தோடு கழன்று விழுந்தது.

லிஜி பிளாஸ்கை மூடி வண்டிக்குள் வைத்தாள். காலால் வண்டியின் பிரேக்கை அழுத்தினாள். நிமிர்ந்து, தன் வீட்டு முற்றத்தில் நிற்பதுபோல ஒரு கத்துக் கத்தினாள்.

"எலே! ரெண்டு பேரும் கப்பைக் கீழ வையுங்க!"

டைல் அறுப்பு மட்டும் கேட்டது. கப் கீழே இருந்தது. தகப்பன் வயதுள்ள ரெண்டு ஆண்கள் கையைக் கட்டிக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தார்கள். லிஜிக்கு அப்போதுதான் தான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. முகம் வெளுத்துவிட்டது. ஆனால் வாய் பாடத்தை மறக்கவில்லை.

"அன்பான பயணிகளே, நாம் இப்போ காற்று அதிர்வுள்ள பகுதியில போறோம். சீட் பெல்ட் போட்டுக்கிடுங்க. சூடான பானம் கொஞ்ச நேரத்துக்கு நிறுத்தப்படுது."

ராஜையா முதல் ஆளாகப் பெல்ட்டைத் தேடினார். அந்தச் சீட்டில் பெல்ட் கிடையாது. பரமசிவன் தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து ராஜையாவின் வயிற்றுக்குக் குறுக்கே போட்டுத் தன் வயிறு வரைக்கும் இழுத்துப் பிடித்துக்கொண்டார். ரெண்டு பேரும் ஒரே துண்டில் கட்டுண்டு, நிலம் ஆடி முடிகிற வரை மூச்சுக் காட்டாமல் இருந்தார்கள்.

ஜிஜா மேடம் புத்தகத்தை முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டிருந்தார். புத்தகம் குலுங்கியது.

மத்தியானம் முடிவு சொன்னார்கள். லிஜி பெயர் முதலில் இருந்தது. அவள் அழுதாள். ஜிஜா மேடம் அவளிடம் மலையாளத்தில் கேட்டார், அந்த 'எலே' என்பதற்கு என்ன அர்த்தம் என்று. லிஜி தலையைக் குனிந்துகொண்டு, "மரியாதை இல்லாத சொல்லாக்கும் மேடம்" என்றாள். "அதை விமானத்தில் சொல்லாதே. ஆனால் அந்தக் குரலை விட்டுவிடாதே" என்றார் அவர்.

அதோடு அவர் புறப்பட்டிருப்பார். ஆனால் படிக்கட்டில் ராஜையாவும் பரமசிவனும் வழியை மறித்து நின்றார்கள். ராஜையா துணிந்து கேட்டார்.

"மேடம், ஒரு காரியம். டிரேயில வைக்கதா, கையில குடுக்கதா? உங்க கம்பெனியில எதாக்கும் நடைமுறை?"

ஜிஜா மேடம் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "எங்க விமானத்தில ரெண்டும் இல்ல. பேப்பர் கப்பில வெந்நீர், அதுக்கு மேல ஒரு பிளாஸ்டிக் மூடி. தேயில தனியா ஒரு பையில. பயணியே போட்டுக் கலக்கிக் குடிக்கணும்."

சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்.

ரெண்டு பேரும் படியிறங்கித் தெருவுக்கு வந்தார்கள்.

"மூடியா?" என்றார் பரமசிவன்.

"மூடி" என்றார் ராஜையா.

"சாயாவுக்கு மூடி போட்டா ஆவி எங்க போவும்? மணம் எங்க போவும்? பையில கட்டி முக்குனா அது தேயிலயா, கஷாயமா?"

"அதைத் திறக்கும்போ பிளேன் ஆடுனா?"

ரெண்டு பேரும் தெருவைக் கடந்து சாயாக்கடைக்குள் போனார்கள். அன்று சாயங்காலம் வரை வெளியே வரவில்லை. பரமசிவன் சொல்லச் சொல்ல ராஜையா எழுதினார். கம்பெனிக்கு ஒரு மனு. மூடியை எடுத்துவிட வேண்டும், பையை ஒழிக்க வேண்டும், சாயா போடத் தெரிந்த ஒரு ஆளை ஒவ்வொரு விமானத்திலும் ஏற்ற வேண்டும் என்று மூன்று கோரிக்கை. டிரே கட்சியும் கை கட்சியும் சேர்ந்து முப்பத்தெட்டுப் பேர் கையெழுத்துப் போட்டார்கள். ஷிஜி அதை இங்கிலீஷில் மாற்றி அனுப்பினாள். ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. உங்கள் மேலான கருத்துக்கு நன்றி, தொடர்ந்து எங்களோடு பறக்க வேண்டுகிறோம் என்று எழுதியிருந்தது. அவர்கள் ரெண்டு பேரும் அதுவரை ஒரு தடவைகூடப் பறக்கவில்லை என்பதை ஷிஜி யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த வருஷம் ராஜையா நிஜமாகவே பறந்தார். மஸ்கட்டில் நர்ஸாக இருக்கிற மகள் ஷீனா டிக்கெட் அனுப்பியிருந்தாள். திருவனந்தபுரம் விமான நிலையத்தில் செல்லபாய் அவர் கையைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். அவர் ஏறினதும் பழக்க தோஷத்தில் வாசலில் நின்று தலைகளை எண்ணத் தொடங்கினார். பணிப்பெண் சிரித்துக்கொண்டே அவரைச் சீட்டுக்கு அனுப்பினாள்.

செல்லபாய்க்கு ஜன்னல், அவருக்கு நடைபாதையோரம். கடல் மேலே போகும்போது சாயா வந்தது. மூடி போட்ட பேப்பர் கப்.

"பாத்துக்கோ" என்றார் ராஜையா. "இதை எப்பிடித் திறக்கணும்னா, முதல்ல ஓரத்தில..."

மூடி ஓரத்தில் திறக்கவில்லை. மொத்தமாகப் பிய்த்துக்கொண்டு வந்தது. புதுப் பேன்ட்டின் முழங்காலிலிருந்து கீழே வரைக்கும் வெந்நீர். நல்ல வேளை, பாதி ஆறியிருந்தது. பணிப்பெண் ஓடி வந்து துடைக்கத் தாள் கொடுத்தாள். ராஜையாவுக்கு விமானத்தின் கதவைத் திறந்து இறங்கிவிடலாம் போல இருந்தது.

செல்லபாய் ஒரு வகுப்பும் போகாதவள். அவள் கப்பை மடியில் வைக்காமல் முன்னால் உள்ள பலகையில் வைத்து, நகத்தால் மூடியை நெம்பி, பையை நாலு தடவை முக்கி, பால்பொடியும் சீனியும் போட்டுக் கலக்கினாள். ஒரு பிஸ்கட்டை எடுத்து முக்கிக் கடித்தாள். ஒரு வாய் குடித்தாள்.

"எப்பிடி உண்டு?" என்று கேட்டார் ராஜையா, முழங்காலைத் துடைத்துக்கொண்டே.

"கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு. வீட்டுச் சாயா இல்ல. ஆனா நான் போடாத சாயா இல்லியா, அதுக்கொரு ருசி உண்டு."

அதுவரை யோசித்துப் பார்க்காத ஒன்று அவருக்குத் தைத்தது. முப்பத்திரண்டு வருஷமாக அவளுக்கு யாரும் சாயா போட்டுக் கொடுத்து அவர் பார்த்ததில்லை. பால் எவ்வளவு, சீனி எவ்வளவு என்று அவளிடமும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். தலைக்கு மேலே இருந்த மணிப் பொத்தானை அழுத்தினார். பணிப்பெண் வந்தாள்.

"மக்கா, இவளுக்கு ஒரு சாயா கூட வேணும்."

"எனக்கு எதுக்கு ரெண்டு?" என்றாள் செல்லபாய்.

"மிண்டாம குடி" என்றார் ராஜையா. "திறக்கது மட்டும் நீயே திறந்துக்கோ."